பிக்கப் திணறும் புதுக் காடி: பிளக்கை மாற்றும் முன்

என் தங்கச்சியின் காடி (கார்) சனிக்கிழமைகளில் மட்டும் மக்கர் பண்ணும். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை காலையில் மகனை டியூஷனுக்கு ஏற்றிக்கொண்டு, தோட்டத்துச் சாலையிலிருந்து தாப்பா (மலேசியா, பேராக்) பெரிய ரோட்டில் ஏறப் பெடலை மிதித்தால், ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகுதான் இழுக்கும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருந்தால் அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டருக்கும் லோரிக்கும் கைவைத்துப் பழகியவன். வினையே அதுதான். அந்தக் காலத்துக் காடி திணறினால் கார்புரேட்டர், பிளக், பாயிண்ட் என்று மூன்று இடத்தைத் தட்டிப் பார்த்தால் ஒன்றில் மாட்டிவிடும். அதே கையோடு இதிலும் இறங்கினேன். நான்கு இரிடியம் பிளக், புது ஏர் ஃபில்டர், டேங்கில் ஊற்றும் ஒரு பாட்டில் இன்ஜெக்டர் கிளீனர். 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கரைந்தது. அடுத்த சனிக்கிழமை அதே திணறல்.

இரிடியம் பிளக் பொதுவாக லட்சம் கிலோமீட்டரை ஒட்டி ஓடக்கூடியது. 40,000 மட்டுமே ஓடிய காடியிலும் அதைச் சந்தேகிப்பது தப்பில்லை. கழற்றிப் பார்க்காமலே புதுசு வாங்கிப் போட்டதுதான் தப்பு. பிளக்கின் முனை கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, நான்கில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறதா என்பதெல்லாம் எஞ்சின் எழுதி வைத்த கடிதம். படிக்காமல் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

அதைவிடப் பெரிய தவறு பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியது. நம் ஊரில் கைத்தொலைபேசியை அணைத்துத் திறப்பது மாதிரி இதைச் செய்கிறார்கள். செய்ததும் ஓரிரு நாள் காடி நன்றாக ஓடும், அதனால் நம்பிக்கை வந்துவிடும். உண்மையில் என்ன நடக்கிறது? பெட்ரோலைக் கூட்டவும் குறைக்கவும் கம்ப்யூட்டர் பல வாரமாகக் கற்றுவைத்த கணக்கு அழிந்து, மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்குகிறது. கூடவே கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறு எண்ணும், அது பதிவான நேரத்தில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று சேமித்த விவரமும் போய்விடும். மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் காட்டலையே" என்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. தடயத்தைத் துடைத்தது நாம்.

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியவில்லை, அதனால் கோளாறு இல்லை என்று நினைப்பதும் இதே வகைதான். பல கோளாறுகளுக்கு, ஒரே குறை அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஒரு தடவை மட்டும் தென்பட்டது நிலுவை எண்ணாக உள்ளே காத்திருக்கும். காடியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் மலிவான ஓபிடி கருவிகூட அதைப் படித்துவிடும். அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் வேறு கதை. எஞ்சினில் நெருப்புப் பிடிக்காத பெட்ரோல் வெளியே போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.

இனி, கோளாறே இல்லாததைக் கோளாறு என்று எண்ணிப் பாகம் மாற்றும் கதை. இது நம் பக்கம் ரொம்ப அதிகம். செம்மண் சாலையிலிருந்து தார் ரோட்டில் ஏறும்போது டயரில் ஈரச் சேறு ஒட்டியிருக்கும். பெடலை அழுத்தினால் சக்கரம் வழுக்கும், உடனே டிராக்‌ஷன் கண்ட்ரோல் எஞ்சினை அடக்கிவிடும். ஓட்டுகிறவருக்கு அது திணறல் மாதிரியே இருக்கும். டேஷ்போர்டில் காடி சறுக்குவது போன்ற ஒரு படம் ஒரு கணம் மின்னும், அதைக் கவனிக்க வேண்டும். இடது காலை பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை. இரண்டு பெடலும் ஒரே சமயத்தில் அழுந்தினால் பல புதுக் காடிகள் பிரேக்குக்குத்தான் மரியாதை கொடுக்கும், எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய தடித்த கால்மிதியைக் கம்பெனி மிதியின் மேலேயே போட்டுவிட்டு, பெடல் முழுசாக இறங்காமல் "பிக்கப் இல்லை" என்றவரையும் பார்த்திருக்கிறேன்.

மலையேற்றமும் அப்படித்தான். தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள், மேலே போகப் போகக் காடி சோர்ந்துவிட்டது என்பார்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், ஏனென்றால் காற்று மெலிந்துவிடுகிறது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஒரே சீராக இழுவை குறைந்தால் அது இயற்கை. ஏற்றத்தில் ஒரு வளைவில் இழுத்து, அடுத்த வளைவில் வெட்டி, மறுபடி இழுத்தால்தான் கோளாறு. சுமை கூடும்போது மட்டும் வெட்டுவது பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையும் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்கிறது. சிவிடி என்னும் படியில்லாத ஆட்டோ கியரில் ஆர்பிஎம் முள் முதலில் ஏறி வேகம் பின்னால் வருவதும், ஈகோ பட்டன் போட்டால் பெடல் மந்தமாவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் பட்டனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரோன் 97 பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்பது காப்பிக்கடை வைத்தியம். அந்த எண் பெட்ரோலின் பலத்தைச் சொல்வதில்லை. எஞ்சினுக்குள் முன்கூட்டியே வெடித்து நாக்கிங் வராமல் தாங்கும் தன்மையைத்தான் சொல்கிறது. பெட்ரோல் மூடிக்குள் 95 என்று ஒட்டியிருந்தால் 97 பெரும்பாலும் உங்கள் பணப்பையை மட்டும் இலேசாக்கும்.

தானே கைவைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்கிறேன் என்று உள்ளே இருக்கும் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். அதை மோட்டார் திருப்புகிறது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். சுத்தம் செய்தபின் ஐடிலை (பெடல் மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தை) கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருக்கலாம். கார்புரேட்டர் கிளீனரை காற்றை அளக்கும் ஏர் சென்சரில் அடித்தால் சென்சரே போய்விடலாம். எண்ணெய் தடவிய ரேஸ் ஃபில்டரும் மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்யக்கூடும்.

எலியையும் மறக்கக்கூடாது. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைக்குக் கூடு கட்டிக் கொடுத்து வளர்க்கிறார்கள். அப்படியும் தப்பிக்கிற எலிக்கு ராத்திரியில் வெதுவெதுப்பான இடம் எஞ்சின்தான். பாதி கடித்த வயர் காய்ந்திருக்கும்போது வேலை செய்யும், மழை ஈரத்தில் வெட்டும். இது வாரண்டியில் பெரும்பாலும் சேராது. போமனிடம் (மெக்கானிக்கிடம்) போகும் முன் பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் நான் பாகம் வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டைக் கையில் கொடுத்தேன். திணறிய நேரம், எஞ்சின் சூடா குளிரா, ஏர்கான் ஓடியதா, மழையா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு என்று நான்கு வாரம் எழுதினாள். படித்துப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் டேங்க் நிறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி கார்டைச் செருகி ஃபுல் டேங்க் அடிப்பது அவள் வழக்கம். பம்ப் கிளிக் என்று நின்ற பிறகும், தொகை முழு வெள்ளியாக வரட்டும் என்று இன்னும் இரண்டு மூன்று தடவை அமுக்குவாளாம்.

அந்த வாரம் பாதி டேங்க் மட்டும் ஊற்றச் சொன்னேன். சனிக்கிழமை ஒன்றும் இல்லை. பிறகு செவ்வாய் ராத்திரி நிரப்பச் சொன்னேன். புதன் காலை, பள்ளிக்கூட வாசலுக்கு முன்னாலேயே போன் பண்ணினாள்: "அண்ணே, இன்னிக்குத் திணறுது!" அவ்வளவு சந்தோஷமாக யாரும் கோளாறைச் சொல்லிக் கேட்டதில்லை.

டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரிப்பெட்டியில் தங்கும். ஓடும்போது பர்ஜ் வால்வ் திறந்து அந்த ஆவியை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும். கிளிக்குக்குப் பிறகும் அமுக்கினால் ஆவி போக வேண்டிய பாதையில் பெட்ரோலே போய்க் கரியை நனைத்துவிடும். வால்வும் ஒழுங்காக மூடாமல் கசிந்தால், கம்ப்யூட்டர் கணக்கில் வராத பெட்ரோல் எஞ்சினுக்குள் சேரும். பெடலை மிதிக்கும் அந்த நொடியில் கலவை கெட்டுத் திணறும்.

சர்வீஸ் சென்டரில் "பிக்கப் இல்லை" என்று சொல்லாமல், "டேங்க் நிறைத்த மறுநாள் காலை, எஞ்சின் குளிராக இருக்கையில், பாதிப் பெடலில்" என்று சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து மகன் எடுத்த டேஷ்போர்டு வீடியோவையும் காட்டினாள். டெக்னீஷியன் அவளோடு உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். வால்வை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் மாற்றிய பழைய பிளக் நான்கும் என் டப்பாவில் நல்ல நிலையில் கிடக்கின்றன. அவள் ரசீதுகளில் இப்போது 43.65, 51.20 என்று முழுசாகாத தொகைகள்தாம்.