ஓட்டின் நீளத்தை அளந்தே மட்டியின் எடையைக் கணக்கிடலாம்

பழவேற்காடு ஏரியில், ஆந்திர எல்லைப் பக்கம் மட்டி (இரட்டை ஓடுள்ள சிப்பி வகை) எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டாம், ஓட்டின் நீளம் போதும். நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு (2×2×2) மடங்காகும்.

முதலில் பல அளவில் கொஞ்சம் மட்டிகளை ஈரம் துடைத்து, வெர்னியர் காலிப்பரில் (நீளத்தை நுட்பமாக அளக்கும் கருவி) அளந்து நிறுங்கள். 3 செ.மீ. மட்டி சராசரி 9 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 9-ஐ 27-ஆல் (3×3×3) வகுத்து, 64-ஆல் (4×4×4) பெருக்கினால் 4 செ.மீ. மட்டி சுமார் 21 கிராம். அதே இடத்தில் மாதாமாதம் அளந்தால் வளர்ச்சியும் தெரிந்துவிடும்.

சதை எடைக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். முட்டையிட்டதும் சதை மெலியும், ஓடு சுருங்காதே! அதற்குச் சிலவற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.