மனுவில் காதலைக் குறையுங்கள், கணக்கைக் கூட்டுங்கள்

நான்கு பக்க மனு. அதில் மூன்றரைப் பக்கம் எப்படிப் பழகினோம், ஒகேனக்கல்லில் எந்தப் பாறைமேல் உட்கார்ந்து சத்தியம் செய்தார் என்ற கதை. பணம் மட்டும் கடைசியில், "சிறுகச் சிறுக சுமார் மூன்று லட்சம்" என்று ஒரே வரியில். காதலித்தவரிடம் காசை இழந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி காவல் நிலையப் படியேறுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வலி பெரிது, அதனால் எழுத்தும் அந்தப் பக்கமே ஓடுகிறது. ஆனால் காதல் முறிந்தது என்பதற்காக மட்டும் சட்டம் யாரையும் தண்டிக்காது. பணம் கைமாறிய அன்று உங்களிடம் சொல்லப்பட்ட பொய் என்ன என்றுதான் அது கேட்கும்.

லாரி வாங்க முன்பணம் கேட்டார், கொடுத்தீர்கள், லாரியும் வாங்கினார், அப்புறம் தவணை கட்டமுடியாமல் உங்கள் பணமும் நின்றுபோனது என்றால் அது கடன். சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அம்மாவுக்கு இதய ஆபரேஷன் என்று சொல்லி வாங்கினார், அந்த அம்மாவோ நல்ல உடம்போடு காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலைக்குத் தினமும் வேலைக்குப் போகிறார் என்றால் அது மோசடி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததா என்பதில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 420. பிரிவு எண்ணை நினைத்து நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், தேதிகளைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

கல்யாணம் செய்வதாகப் பொய் வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வது அதே சன்ஹிதாவின் 69-வது பிரிவில் தனிக் குற்றம், பத்து ஆண்டு வரை தண்டனை. அப்படி நடந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பணத்தை வரவைக்க ஒரு நெருக்கடியாக இருக்கட்டும் என்று சேர்க்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் உண்மையான பணப் புகாரும் சேர்ந்து ஆட்டம் காணும்.

அடுத்தது வெட்கம். நேரில் பார்க்காமலே போனில் பழகி ஜிபேயில் பணம் போட்டவர்கள், வீட்டில் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பணம் சில மணி நேரத்தில் நாலைந்து கணக்கு தாண்டிவிடும். தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் இருந்தால் அங்கேயே நிறுத்திவைக்க முடியும். அப்படி நிறுத்திய பணமும் தானாகத் திரும்பி வராது, விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருக்கலாம். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

கோபத்தில் எண்ணை பிளாக் செய்து சாட் மெசேஜ்களை எல்லாம் அழிப்பவர்களும் உண்டு. வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்றும் இருக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், மூலமான போன் கையில் இருப்பது பெரிய பலம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் அதைக் கொடுத்துவிடாதீர்கள். முக்கியமாக, "பரவாயில்லை, நீயே வச்சுக்கோ" என்று ஒரு மெசேஜ் கூடப் போடாதீர்கள், கொடுத்தது அன்பளிப்பு என்று எதிர்த்தரப்பு அதையே காட்டும். "நீ வாங்கிய 1,80,000 எப்போது வரும்?" என்று கேளுங்கள். "அடுத்த மாசம் தர்றேன்" என்று பதில் வந்தால் அது உங்கள் கையில் உள்ள நல்ல சான்று.

பெண்ணின் மாமா, ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர் என்று நாலு பேரைக் கூட்டிப் போய்ப் பையனை உட்காரவைத்து வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இங்கே சர்வசாதாரணம். மிரட்டி வாங்கினால் அதுவே பணப்பறிப்பு. புகார் கொடுக்க வேண்டியவர் குற்றவாளி ஆகிவிடுவார். கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. அவர் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து "இவன் திருடன்" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

ஓசூர்க்காரர்களுக்கு இன்னொரு குழப்பம். ஆள் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் இருக்கிறார், எங்கே புகார் கொடுப்பது? எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை காட்டி மறுக்கக் கூடாது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்பவேண்டும்.

சி.எஸ்.ஆர். ரசீது கையில் வந்ததும் வழக்குப் போட்டாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது புகார் வந்ததற்கு அத்தாட்சி மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். "ரெண்டு வாரத்தில் தந்துடறேன்" என்று நிலையத்தில் எழுதிக்கொடுத்ததை நம்பி வருஷக்கணக்கில் காத்திருப்பதுதான் இதில் மோசம். கைக்கடனுக்கு சிவில் வழக்குப் போடக் கெடு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. செக் கொடுத்தார், திரும்பி வந்தது என்றால் அவகாசம் இன்னும் குறைவு: தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. எண் 15100. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகும்போது பேங்க் ஸ்டேட்மென்டும் ஒரு வெள்ளைத்தாளும் கொண்டுபோங்கள். தாளில் நாலு கட்டம்: தேதி, தொகை, என்ன சொல்லி வாங்கினார், உண்மை என்ன. ஒகேனக்கல் பாறைக்கு அதில் இடம் கிடையாது.