காலையில் மட்டும் சுகர் ஏறுகிறதா? மூன்று இரவுகள் கவனித்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இரவு படுக்கும்போது 130. காலையில் எழுந்து பார்த்தால் 240. நடுவில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "ராத்திரி எழுந்து என்ன தின்றாய்?" என்று என் மகளிடம் நானும் கேட்டிருக்கிறேன். அவள் எதையும் தின்றிருக்கவில்லை. அப்போது அவளுக்கு 14 வயது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டைப் 1 நீரிழிவுக்கு இன்சுலின் போடும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

முதலில், ஏன் ஏறுகிறது?

விடியற்காலை 3 மணியிலிருந்து 8 மணிக்குள் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை உடம்பை எழுப்பத் தயார் செய்கின்றன. அப்போது கல்லீரல் தான் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும். நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கணையம் உடனே கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைச் சமாளித்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அது நடக்காது. டாக்டர்கள் இதை 'டான் பினாமினன்' என்பார்கள். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும். இன்சுலினும் முன்போல் வேலை செய்யாது. 10 வயதில் போதுமாக இருந்த அளவு 14 வயதில் போதாமல் போவது பிள்ளையின் தப்பு இல்லை.

ஆனால் காலைச் சுகர் ஏற இது ஒன்றுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

படி 1: மூன்று இரவுகள், மூன்று நேரங்கள்

படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்தவுடன் என்று மூன்று முறை பார்த்து நோட்டில் எழுதுங்கள். காய்ச்சல் இல்லாத, மாலையில் கடுமையாக விளையாடாத நாட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரவுச் சாப்பாடு சீக்கிரம் முடியட்டும். அதற்கப்புறம், சுகர் இறங்கினால் தவிர, எதுவும் வேண்டாம்.

3 மணிக்கு விளக்கைப் போட வேண்டியதில்லை, சின்ன டார்ச் போதும். விரலை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பழச்சாறு ஒட்டியிருந்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. என் மகள் பல இரவுகளில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டே இருப்பாள். தோலில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் இருந்தால் வரைபடத்தைப் பார்க்கலாம். ஆனால் சென்சார் மேல் அழுத்திப் படுத்திருந்தால் இல்லாத லோ சுகரைக் காட்டும், அதனால் விரலில் குத்தி உறுதி செய்யுங்கள்.

70க்குக் கீழே இருந்தால் சோதனையை அன்றே நிறுத்திவிடுங்கள். பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எழுப்ப முடியாமல் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சுகரை வேகமாக ஏற்றும் குளுக்ககான் மருந்து இருந்தால் அதைக் கொடுத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

படி 2: எண்களைப் படிப்பது

128, 122, 236 என்று வந்தால் ஏற்றம் 3 மணிக்கு அப்புறம்தான். ஒன்று விடியற்கால ஹார்மோன்கள், இல்லையென்றால் நீண்ட நேர இன்சுலின் விடிவதற்குள் தீர்ந்துபோகிறது. 130, 215, 240 என்றால் இரவுச் சாப்பாட்டைப் பாருங்கள்; கொழுப்பும் புரதமும் அதிகமான சாப்பாடு பல மணி நேரம் கழித்துத்தான் சுகரை ஏற்றும். படுக்கும்போதே 230 இருந்து அப்படியே நீடித்தால் பிரச்சினை மாலையிலேயே தொடங்கிவிட்டது.

3 மணிக்கு 60, காலையில் 220 என்றால்? இங்கேதான் ஆபத்து. காலை எண்ணை மட்டும் பார்த்து இரவு இன்சுலினைக் கூட்டினால் சுகர் இன்னும் கீழே போகும். இப்படி இறங்கி ஏறுவது முன்பு நினைத்த அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை என்று சென்சார்கள் வந்த பிறகு தெரிந்திருக்கிறது. இருந்தாலும் 3 மணி எண்ணைப் பார்க்காமல் அளவைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

படி 3: ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள்

என் மகள் தொடையில் ஒரே இடத்தில்தான் போடுவாள். கேட்டால் "அங்கேதான் வலிக்காது" என்பாள். விரலால் தடவிப் பார்த்தபோது தோலுக்கடியில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. அந்த மாதிரி இடத்தில் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. இடத்தை மாற்றுங்கள். ஆனால் புது இடத்தில் அதே அளவு வேகமாக வேலை செய்து சுகர் இறங்கிவிடலாம், எனவே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். இன்சுலின் வெயிலில் கிடந்ததா, காலாவதி ஆனதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 4: நோட்டோடு டாக்டரிடம்

ஊசியின் நேரத்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா, வேறு நீண்ட நேர இன்சுலினா, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப்பில் விடியலுக்கு முன்பே கூடுதலாக ஓட விடுவதா என்பதை அவர் முடிவு செய்வார். பொதுவாக 10 சதவீதம்போலத்தான் மாற்றுவார்கள். இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகுதான் அடுத்த மாற்றம். நோட்டைப் பிள்ளையே எடுத்துக் காட்டிப் பேசட்டும். அவளுடைய உடம்பு, அவளுடைய எண்கள்.

படி 5: அதுவரை காலையில்

சுகர் ஏறியிருந்தால் அதை இறக்க டாக்டர் சொன்ன கூடுதல் இன்சுலினை, அதாவது திருத்த அளவை, சேர்த்துப் போட்டு, 15 முதல் 20 நிமிடம் கழித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். பட்டினி போடுவதால் இறங்காது; கல்லீரல் விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

250க்கு மேல் நின்றுவிட்டாலோ, வாந்தியோ வயிற்று வலியோ இருந்தாலோ கீட்டோன் பாருங்கள்; இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம் அது. ரத்தக் கீட்டோன் 1.5-ஐத் (mmol/L) தொட்டால் உடனே டாக்டருக்கு போன். 3 என்றால் நேராக மருத்துவமனை. பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ராத்திரி குழாய் அடைத்திருக்கலாம், அதனால் திருத்த அளவை பேனா ஊசியில் போட்டுவிட்டு, குழாயைப் புதிதாக மாற்றுங்கள்.

அளவு மாறிய பிறகு இரண்டு மூன்று இரவு மறுபடி 3 மணிக்குப் பார்க்க வேண்டும். மாலையில் ஓடி விளையாடிய நாளில் விடியும்வரைகூடச் சுகர் இறங்கலாம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'விளையாட்டு' என்று எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் இப்போது அதை அவளே எழுதுகிறாள்.