ஊரில் வீடு கட்டப் போகிறவர்களுக்கு: தலைமை மேசனைத் தேர்ந்தெடுத்தல்

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி நான்கு வார விடுமுறையில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் பலர், அதற்குள்ளேயே ஒரு மேசனைப் பிடித்து, நாள் பார்த்து, அத்திவாரக் கல்லும் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உறவினர் ஒருவர் கைகாட்டியவரிடம் ஒரு பின்னேரம் பேசி, முற்பணத்தையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது முன்விறாந்தைத் தூணில் மேலிருந்து கீழாகத் துருவின் செம்மஞ்சள் கோடு ஒன்று இறங்கியிருந்தது. விரலால் தட்டியதும் சீமெந்து செதிலாக உதிர்ந்து, உள்ளே கம்பி வெளிப்பட்டது. கொங்கிறீட் ஊற்றும்போது கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையில் விட்டிருக்க வேண்டிய ஓர் அங்குல இடைவெளியை யாரும் விடவில்லை.

வேலை நடக்கும் காலத்தில் பெரும்பகுதி நாம் அங்கே இருக்கப்போவதில்லை. ஆகவே நாம் தேட வேண்டியவர், யாரும் பார்க்காத நாளிலும் அதே கவனத்தோடு வேலை செய்கிறவர். அப்படிப்பட்ட ஒருவரை வீட்டு முற்றத்தில் கதிரை போட்டுத் தேநீர் கொடுத்துப் பேசுவதால் மட்டும் அறிந்துகொள்ள முடியாது. அவர் கட்டிய வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். புதிதாக வர்ணம் பூசிய வீட்டைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, நான்கைந்து மாரி கண்ட வீடு ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம், கூரையும் சுவரும் சேரும் இடம், யன்னல்களின் மூலைகள் ஆகியவற்றில் வெடிப்போ ஈரக்கசிவோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: பிழை ஒன்றைச் சொல்லி அழைத்தபோது இவர் வந்தாரா? என் அனுபவத்தில், மற்ற எல்லாப் பாராட்டையும் விட இந்தப் பதிலுக்கே பெறுமதி அதிகம்.

நேரில் பேசும்போது விலையில் தொடங்காதீர்கள். வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, தூணுக்கும் வளைக்கும் (குறுக்கே போகும் கொங்கிறீட் விட்டத்துக்கும்) என்ன கம்பி குறிக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களுக்கு எவ்வளவு இடைவெளி என்று வாசிக்கச் சொல்லுங்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாத திறமையான மேசன்மார் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தூரத்தில் இருக்கும்போது, கடதாசியில் உள்ளதை அங்கே வாசிக்க ஒருவர் வேண்டும். காணியின் மண்ணைப் பற்றியும் கேளுங்கள். வலிகாமத்தில் சில அடி தோண்டியதும் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் இடங்கள் பல. மன்னாரில் முருங்கன் பக்கத்துக் களிமண்ணோ மழைக்கு ஊதி, வெயிலுக்கு வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே அத்திவாரம் போதும் என்று சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம். நான் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி, வெள்ளிக்கிழமை கொங்கிறீட் போட்டால் ஞாயிற்றுக்கிழமை அதற்குத் தண்ணீர் விடுவது யார் என்பது. குறைந்தது ஏழு நாளாவது கொங்கிறீட் ஈரமாக இருக்க வேண்டும். அது தன் முழுப் பலத்தை நெருங்க 28 நாள் எடுக்கும். நல்ல மேசன் உடனே ஓர் ஆளின் பெயரைச் சொல்வார். "அது பார்க்கலாம்" என்ற பதில் வந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறை நான் தேர்ந்தெடுத்தவர், முதல் சந்திப்பிலேயே, ஏற்கெனவே பறித்து வைத்திருந்த மணலைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு பழைய சோடாப் போத்தலில் அரைவாசிக்கு மணலை அள்ளிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிக் குலுக்கிப் படிக்கட்டில் வைத்தார். நாங்கள் காணியைச் சுற்றி அளந்துவிட்டு வரும்போது, மணலின் மேல் ஒரு விரற்கடைக்குச் சேறு படிந்திருந்தது. பிறகு ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "அண்ணை, இதில உப்பில்லை, ஆனால் சேறு கூட. இதை அத்திவாரத்துக்குள்ள நிரவப் போடுவம், கொங்கிறீட்டுக்கு வேற எடுப்பம்" என்றார். கடலோரத்து உப்பு மணலால் கம்பி துருப்பிடிப்பதை வடமராட்சியிலும் தீவுப்பகுதியிலும் பலர் பட்டுத் தெரிந்திருக்கிறார்கள். அன்றைக்கே அவரை முடிவு செய்தேன்.

சான்றிதழையும் கேளுங்கள், தவறில்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் மேசன் வேலைக்கும் உண்டு. ஆனால் சான்றிதழ் இல்லாத மூத்த மேசன்மாரை அதை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

சம்பளத்தில் நாட்கூலி, கொந்தராத்து என்று இரண்டு வழி உண்டு. நாம் ஊரில் இல்லாதபோது நாட்கூலி நீண்டுகொண்டே போகும். பொருளும் கூலியும் சேர்த்துப் பேசும் முழுக் கொந்தராத்தில் சீமெந்தும் கம்பியும் குறையும். ஆகவே கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்தாகப் பேசி, பொருட்களை உங்கள் குடும்பத்தவர் கடையில் பில்லோடு வாங்கிக் கொடுப்பதே நல்லது என்பேன். அத்திவாரம், யன்னல் மேல்வளை, கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். இதையெல்லாம் ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். வேலையாள் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அந்தப் பேச்சை எடுக்க எல்லோரும் தயங்குகிறார்கள், ஆனால் உயரத்தில் நிற்பவர்கள் அந்த வேலையாட்கள்தான்.

மூடப்பட்ட பின் எதையும் பார்க்க முடியாது. அத்திவாரக் குழி, தூண்களின் கம்பி, தளத்தின் கம்பி ஆகிய மூன்றையும் கொங்கிறீட் ஊற்றுவதற்கு முதல் நாள் பார்க்க, தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவரைத் தனியாகக் கூலி கொடுத்து ஒழுங்கு செய்யுங்கள். இந்த ஏற்பாட்டை மேசனுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொழில் தெரிந்தவர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். பிரதேச சபையின் அனுமதி கைக்கு வருமுன் குழி வெட்டவும் வேண்டாம்.

பேசும் முறையிலும் கவனம் வேண்டும். வயதில் மூத்தவரை அண்ணை என்றும் இளையவரைத் தம்பி என்றும் அழைத்தாலும், இருவரையும் "நீங்கள்" என்றே பேசுங்கள். "ஊரில எல்லாரும் ஏமாத்துறாங்கள்" என்று அவர் முன்னால் சொல்லாதீர்கள். நாற்பது வருடம் வெயிலில் நின்று நேர்மையாகக் கட்டிய மனிதர்களை அந்த வார்த்தை எவ்வளவு புண்படுத்துகிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இயலுமானால் ஆளைத் தேடும் பயணத்தை ஆவணியில் வைக்காமல், தை, மாசியில் வையுங்கள். மழை அப்போது ஓய்ந்திருக்கும். ஐப்பசியில் அடுத்த மாரி தொடங்குமுன் சுவரும் கூரையும் எழும்ப நாள் கிடைக்கும். கூலியில் பத்து வீதத்தை மட்டும் பிடித்துவைத்து, அந்த முதல் மாரி கழிந்து, ஒழுக்கு இல்லை என்று வீட்டில் இருப்பவர்கள் சொன்ன பிறகு கொடுப்பதாக அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுக்கு இல்லையென்றால், அந்தப் பணத்தை அவர் கேட்க வரும் முன்பே அனுப்பிவிடுங்கள்.