பழைய டெரஸ் வீடு வாங்கப்போறீங்களா? மழை நாள்ல போய்ப் பாருங்க

இங்கிலாந்துல கம்மி பட்ஜெட்ல வீடு தேடினா பெரும்பாலும் வந்து நிக்கறது விக்டோரியா காலத்து டெரஸ் வீட்டுலதான், அதாவது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா கட்டின வீடு. கிச்சன் புதுசா இருக்கேன்னு மட்டும் மயங்கிடாதீங்க, அத எப்ப வேணா மாத்திக்கலாம்.

1. குடியிருக்கவா, வாடகைக்கு விடவான்னு மொதல்லயே முடிவு பண்ணிடுங்க. நீங்களே குடியிருக்கப் போற முதல் வீடுன்னா 2025 ஏப்ரல்லேர்ந்து 3 லட்சம் பவுண்ட் வரைக்கும் ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது. வாடகைக்குன்னு வாங்கினா அந்தச் சலுகை இல்ல, பின்னாடி குடியிருக்க வாங்குற வீட்டுக்கும் கிடைக்காது, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. வாடகைக்கு விட இ.பி.சி. (வீடு எரிசக்திய எவ்வளவு சிக்கனமா பயன்படுத்துதுன்னு காட்டுற சான்றிதழ்) ரேட்டிங் குறைஞ்சது ‘இ’ இருக்கணும்.

2. மழை பெய்யறப்போ எதிர்ப்பக்கம் நின்னு வீட்டைப் பாருங்க. கூரைத் தண்ணிய வாங்கி வெளிய விடுற கட்டர் ஒழுகி சுவர்ல வழியுதா, கூரை நடுவுல தொங்குதா? பழைய ஸ்லேட் கல் ஓட்ட எடுத்துட்டு கனமான கான்கிரீட் ஓடு போட்டிருந்தா மரச்சட்டம் வளையும். அப்புறம் குனிஞ்சு சுவரோட அடியப் பாருங்க, ஈரம் ஏறாம தடுக்குற லேயர் ஒண்ணு போட்டிருப்பாங்க, வெளித்தரை அதுக்கு 15 சென்டிமீட்டராவது கீழ இருக்கணும், வெளிய உக்கார கல் பதிச்ச தளம் (பாட்டியோ) போடறேன்னு தரைய உசத்தியிருந்தா ஈரம் நேரா உள்ள வந்துடும்.

3. உள்ள போனா ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடிச்சிருக்கான்னு கவனிங்க, ஈரக்கறைய மறைக்க அடிச்சதா இருக்கலாம். கூரைக்கு அடியில இருக்கிற லாஃப்ட்ட விடவே விடாதீங்க. நான் பாத்த ஒரு வீட்டுல பெட்ரூம் நல்லா அகலமா இருந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், மேல ஏறி டார்ச் அடிச்சா கீழ இருந்த சிம்னிய இடிச்சு எடுத்துட்டு மேல்பாதி செங்கல் மொத்தத்தையும் ரெண்டு மரக்கட்டை மேல நிக்க வச்சிருக்காங்க! இந்த வேலைக்கு அனுமதி வாங்கின பில்டிங் கன்ட்ரோல் பேப்பர் இருக்கான்னு கேட்டா ஏஜென்ட் போனையே பாத்துட்டிருந்தார். அப்படியே எறங்கி வந்துட்டேன்.

4. பேங்க் பண்ற வேல்யுவேஷன் பேங்குக்காக, உங்களுக்காக இல்ல. காசப் பாக்காம லெவல் 3 சர்வே, அதாவது வீட்ட முழுசா அலசிப் பாக்குற சர்வே எடுத்துடுங்க.

5. ஃப்ரீஹோல்டா (நிலமும் சொந்தமா), லீஸ்ஹோல்டா (குத்தகைக் காலத்துக்கு மட்டுமா)ன்னு உங்க வக்கீல், அதான் சொலிசிட்டர்கிட்ட கேளுங்க. பொதுச்சந்துக்கு மேல உங்க ரூம் வருதுன்னா அதையும் சொல்லுங்க, சில பேங்க் அதுக்கு லோன் தர யோசிக்கும். கையெழுத்துப் போட்ட கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகுற வரைக்கும் வாங்குறவர், விக்கிறவர் ரெண்டு பேர்ல யார் வேணா பின்வாங்கலாம், அதனால அதுக்கு முன்னாடி சோஃபா ஆர்டர் பண்ணாதீங்க. எக்ஸ்சேஞ்ச் ஆன அன்னிக்கே வீட்டு இன்சூரன்ஸ் போட்டுடுங்க, சாவி கைக்கு வரட்டும்னு காத்திருக்க வேணாம்.