கைமாவையும் பாக்கெட் கறியையும் பார்த்து வாங்குவது எப்படி

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் சாயங்காலத்தில் கோலா உருண்டை போட்டு விற்கிறேன். பதினாறு வருஷமாகிறது. தினம் மூன்று கிலோ கொத்துக்கறி என் கையில் உருள்கிறது. "ஆட்டுக்கறிதானே அக்கா?" என்று தினம் ஒருவராவது கேட்டுவிடுவார். எனக்குக் கோபமே வராது, கேட்க வேண்டிய கேள்விதான் அது. முழுசாகத் தொங்கும்போது எந்த மிருகம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கொத்தி மசாலாவில் பிசைந்த பிறகு எனக்கே தெரியாது. அதனால் பார்க்க வேண்டியதைக் கொத்துவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

கடைக்குக் காலையிலேயே போங்கள். உரித்த ஆட்டில் வால் நுனியை முடியோடு விட்டிருப்பார்கள். வெள்ளாடா செம்மறியா என்று வாங்குகிறவர் தெரிந்துகொள்ளத்தான் அது. கிடாயென்றால் விதையையும் எடுக்காமல் விட்டிருப்பார்கள். அப்புறம் தொடையில் மாநகராட்சி சீல் இருக்கிறதா பாருங்கள். ஆடு அறுக்கும் இடமான புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பியதற்கு அடையாளம் அதுதான். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாட்களில் ஆட்டுத்தொட்டிக்கு லீவு. அன்றைக்குப் பின்பக்கக் கதவு வழியாக வரும் கறி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வாலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கறியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வாரம் நான் போட்ட உருண்டையில் பாதி மிஞ்சியது. கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்து, நாய்க்கறி இல்லை, ஆட்டுக்கறிதான் என்று சொன்னார்கள். வதந்தி ஒரே நாளில் பரவியது, பரிசோதனை முடிவு வர நாலைந்து நாள் ஆனது. அந்த நாலைந்து நாளில் எத்தனை பிரியாணிக் கடைக்காரர்கள் கண் கலங்கினார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, கொத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். தட்டில் ஏற்கெனவே குவித்து வைத்திருக்கும் கைமாவைத் தொடவே தொடாதீர்கள். "பாய், இந்த முன்னங்காலை எலும்பு எடுத்து இங்கேயே கொத்திக் குடுங்க" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். புளியமரக் கட்டையில் முதலில் துண்டு போடுவார், அப்புறம் இரண்டு கத்தியால் மாற்றி மாற்றித் தட்டுவார். நடுவில் ஒரு தடவை கத்தியின் பக்கவாட்டால் வழித்துத் திருப்பிப் போடுவார். ஐந்து நிமிஷ வேலை, நின்று பாருங்கள். மெஷினில் அரைத்தால் முந்தின ஆளுக்கு அரைத்தது ஒரு பிடியாவது உள்ளே ஒட்டியிருக்கும். மாட்டுக்கறியும் அரைக்கும் மெஷினா என்று கேளுங்கள், உங்கள் வீட்டில் அது ஆகாதென்றால் கழுவச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். பசுவின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும், சரிதான். எருமைக் கொழுப்போ வெள்ளையாக ஆட்டுக் கொழுப்பு மாதிரியே இருக்கும். நான் நம்புவது விலைக்கணக்கைத்தான். எலும்போடு கிலோ 900 ரூபாய், அதில் எலும்பு போக 700 கிராம் கறி தேறும் என்று வையுங்கள். அப்படியானால் வெறும் கறி கிலோ 1,280 ரூபாயாவது ஆகும். 700 ரூபாய்க்கு "மட்டன் கைமா" என்றால் மீதிக் காசு எங்கிருந்து வந்தது?

இந்தக் கணக்கைப் போடாமல் விட்டதால் ஐரோப்பாவே ஒருமுறை ஏமாந்தது. 2013 ஜனவரியில் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டுக்கறி பர்கர்களைச் சோதித்தது. பத்தில் குதிரையின் டிஎன்ஏ இருந்தது. பெரும்பாலானவற்றில் துளித்துளிதான், மெஷினில் ஒட்டியது போல. பிரிட்டனின் பெரிய கடையான டெஸ்கோவில் விற்ற ஒன்றில் மட்டும் 29 சதவீதம். அது ஒட்டியது இல்லை, போட்டது. அடுத்த மாதம் ஃபிண்டஸ் கம்பெனியின் லசானியா என்ற பாக்கெட் சாப்பாட்டைச் சோதித்தார்கள், பலவற்றில் மாட்டுக்கறி என்று இருந்ததில் 60 முதல் 100 சதவீதம் வரை குதிரை. ருமேனியாவில் குதிரை என்றே எழுதி அனுப்பிய கறி, கை மாறி மாறி வந்த வழியில் மாடாகிவிட்டது. குதிரைக்குப் போடும் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து கறியில் வந்திருக்குமோ என்ற பயம் வேறு.

குதிரைக்கறியில் தப்பொன்றும் இல்லை. பிரான்ஸில் குதிரைக்கறிக் கடை வாசலில் குதிரைத் தலைச் சிலையே வைத்திருப்பார்கள். நம் புளியந்தோப்பில் பீஃப் என்று பெரிய எழுத்தில் போர்டு வைப்பதும் அதே நேர்மைதான், எனக்கு அந்தக் கடைகள்மேல் மரியாதை உண்டு. ஆனால் என் தாத்தா ராயபுரத்தில் ஜட்கா குதிரை வண்டி ஓட்டியவர். வீட்டில் கஞ்சியில்லாத நாளிலும் குதிரைக்குக் கொள்ளு வெந்துகொண்டிருக்கும். அவர் தட்டில் யாராவது குதிரையைப் பெயர் மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? பிரிட்டன்காரர்கள் பதறியது எனக்குப் புரிகிறது.

பாக்கெட்டில் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பழுப்புச் சதுரத்துக்குள் இருக்கும் பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டும்தான் சொல்லும், எந்தக் கறி என்று சொல்லாது. பின்னால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமானதுதான் முதலில் வர வேண்டும். பெயரில் பெரிதாகச் சொன்ன பொருள் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். போன வருஷம் என் மகள் வாங்கி வந்த "மட்டன் கபாப்" பாக்கெட்டில் முதலில் கோழி, அடுத்து வெங்காயம், அப்புறம் சோயா, நாலாவதாகத்தான் ஆடு, 12 சதவீதம். பொய் எழுதவில்லை, பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

சந்தேகம் வலுத்தால் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தப்பு நிரூபணமானால் கட்டிய பணம் திரும்ப வரும். பில்லைத் தொலைக்காதீர்கள், பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள்.