விரல் வலிக்கிறதா? டோனி அயோமியைக் கேளுங்கள்

பரணில் கிடந்த கிட்டாரை இருபது வருடம் கழித்து இறக்கி, தூசி தட்டி, ஒரே விரலால் ஆறு தந்தியையும் அமுக்க வேண்டிய எஃப் கார்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இனி நமக்கு ஆகாது என்று திரும்ப மேலே ஏற்றியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஏற்றியவன்தான். மறுபடி இறக்க வைத்தது டோனி அயோமி. ஹாஸ்டலில் கேசட் தேயத் தேயக் கேட்ட பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் பேண்டின் கிட்டாரிஸ்ட், அதே அயோமி.

அப்போது அவரைப் பிடித்ததற்குக் காரணம் சத்தம். இப்போது பிடிப்பதற்குக் காரணம் அவருடைய விரல்கள்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலை, அயோமிக்கு 17 வயது, ஒரு பேண்டோடு வெளிநாடு கிளம்பப் போகிறார், அன்றுதான் வேலையில் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகவே வேண்டாம் என்றுதான் இருந்தார். அம்மாதான் ஒழுங்காகப் போய் முடித்துவிட்டு வா என்று அனுப்பினார். அன்று பழக்கமில்லாத மெஷினில் நிற்க வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதாவது தந்தியை அழுத்துவதே அந்த வலது கைதான்.

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் மேலே இருந்தவர் ஒருவர் ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்தவர் ஜாங்கோ. அதன்பிறகு அயோமி பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலின் பிளாஸ்டிக்கை உருக்கி, விரல் நுழைகிற அளவுக்குக் குடைந்து, தேய்த்து, மேலே தோல் ஒட்டித் தனக்கு விரல் தொப்பி செய்துகொண்டார். கிட்டாருக்கு ஏற்ற கை இல்லையென்றால், கைக்கு ஏற்ற கிட்டார். நாமும் அதையே செய்யலாம்.

முதலில் தந்தி. பழைய துருப்பிடித்த தந்தியை வைத்துக்கொண்டு விரலைத் திட்டாதீர்கள். அகூஸ்டிக் கிட்டார்களில் பெரும்பாலும் 12 கேஜ் செட்தான் மாட்டியிருக்கும் (கேஜ் என்றால் தந்தியின் தடிமன், எண் குறைந்தால் தந்தி மெலிசு). கடையில் 10 கேஜ் கேளுங்கள். இந்த வயதில் எதற்கு லேசான தந்தி என்று என்னை ஒரு கடைக்காரர் கிண்டல் செய்தார், இந்த வயதில்தானே வேண்டும். அயோமிக்கு அந்தக் காலத்தில் லேசான செட் கிடைக்கவே இல்லை, பேஞ்சோ தந்தியை வாங்கி மாட்டிக்கொண்டார். அப்படியே ஆக்‌ஷனையும் பாருங்கள், அதாவது கழுத்திலிருந்து தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று: 12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தி 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்வது நல்லது.

அப்புறம் சுருதி. 1971-இல் வந்த பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் அயோமி பல பாட்டுகளுக்குக் கிட்டாரை ஒன்றரைப் படி (மூன்று ஃப்ரெட் அளவு) இறக்கினார், ஈ தந்தி சி ஷார்ப்பில் நிற்கும். தந்தி தளர்ந்தால் விரலுக்குச் சுகம், சத்தமும் கனமாகிவிடும். கணக்கு இதுதான்: அரைப் படி இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், ஒரு முழுப் படிக்கு 20 சொச்சம், ஒன்றரைக்கு ஏறக்குறைய 30. ஆனால் ஆசைப்பட்டு 10 கேஜையும் மாட்டி ஒன்றரைப் படியும் இறக்கினால், அகூஸ்டிக்கில் தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் இடித்து ஜிர்ரென்று இரையும் (செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்). அரைப் படியில் ஆரம்பியுங்கள். கூடவே பாடுகிறவர் என்றால் தொண்டைக்கும் நல்லது.

கார்டு விஷயத்தில் பவர் கார்டு போதும். இரண்டு விரல், இரண்டு ஸ்வரம்: ச, ப. ராக் இசையின் பாதி அதில்தான் ஓடுகிறது.

பயிற்சிக்கு, 1970-இல் வந்த பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) மூன்றே ஸ்வரம்தான்: ஜி, மேல் ஸ்தாயி ஜி, பிறகு சி ஷார்ப். நம் கணக்கில் ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். அந்தப் பிரதி மத்யமம் வந்து விழும்போது வயிற்றில் ஏதோ செய்யும், இன்றும் செய்கிறது. அதைவிட முக்கியம், பாட்டு ஆமை வேகத்தில் போகும். வேகம் வராத விரல்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

தினமும் 15 நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசிப்பது வேலைக்கு ஆகாது. விரல் நுனி எரிந்தால் பரவாயில்லை, சில வாரங்களில் காய்த்துவிடும். மணிக்கட்டோ மூட்டோ வலித்தால் உடனே கீழே வையுங்கள். அயோமியும் ஒரேயடியாக முட்டிக்கொண்டவர் இல்லை. 2012-இல் லிம்போமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தபின் சிகிச்சைக்கு ஏற்றபடி வேலையை மாற்றி அமைத்துக்கொண்டார், அடுத்த வருடமே ஆல்பம் வந்தது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் கடைசியாக பேண்டின் ஆரம்பகால நால்வரும் சேர்ந்து மேடை ஏறியபோது அவருக்கு 77 வயது.

எஃப் கார்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் இன்னும் அதை முழுசாகப் பிடிப்பதில்லை, மெல்லிய நாலு தந்திகளை மட்டும் பிடித்து ஒப்பேற்றுகிறேன். வீட்டில் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.